கிழிகோட்டில் விழுந்த பேர்

தாராவியில் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறவன் தனசீலன் ஒருத்தன்தான். 1987-ஐச் சொல்கிறேன். செம்பூரில் மருந்துக் கம்பெனி, குர்லாவில் எக்ஸ்போர்ட் கம்பெனி, தாதரில் டிராவல் ஏஜெண்டு என்று எங்கே பிரிண்டர் படுத்தாலும், "தனா பாயை கூப்பிடு" என்று ஆள் வரும். அதற்கு முன்னால் அவன் டைப்ரைட்டர் மெக்கானிக். ஆபீஸ்கள் மெஷின் மாற்றியபோது அவனும் கூடவே மாறிக்கொண்டான். புத்தி உள்ளவன். வயசு இருபத்தேழு ஆகியும் கல்யாணம் மட்டும் வேண்டாம் என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் மூன்று கிறுக்கு உண்டு. ரயிலில் போகும்போது கையில் எதையும் பிடிக்கமாட்டான். ஸ்க்ரூ டிரைவர், ரிப்பன், எண்ணெய்க் குப்பி எல்லாம் தோளில் குறுக்காக மாட்டிய பையில் இருக்கும். கை ரெண்டும் காலியாக இருக்கவேண்டும். ரெண்டாவது, பாந்த்ராவில் வேலை வந்தால் ரயிலில் போகமாட்டான், பஸ்தான். மாஹிமிலிருந்து பாந்த்ரா ஒரே ஸ்டேஷன் தூரம், அதற்குப் போய் அரை மணி நேரம் பஸ்ஸில் வேகிறானே என்று சாலில், அந்த வரிசை வீடுகளில், எல்லாரும் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போய்விடுவான். மூன்றாவது, சின்ன வயசில் எல்லாரும் கூப்பிட்ட 'சீலா' என்ற பேர் அவனுக்கு ஆகாது. தனா என்று கூப்பிடு, தனசீலன் என்று கூப்பிடு, சீலா என்று மட்டும் கூப்பிடாதே. ஆனால் பக்கத்துக் கோலியில், ஒற்றை அறை வீட்டில், இருந்த சவரியம்மாளிடம் அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அவள் மட்டும் சீலா என்றுதான் கூப்பிடுவாள்.

சுற்றி வளைப்பானேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சவரியம்மாளுக்கு ஒரே பிள்ளை, சந்தியாகு. புருஷன் போனபிறகு தோல் பை பட்டறையில் லைனிங் துணி ஒட்டி அவனை வளர்த்தாள். சந்தியாகும் தனசீலனும் பாந்த்ராவில் ஒரே டைப்ரைட்டர் கடையில் வேலை கற்றுக்கொண்டார்கள். 1980 ஜூலை, நல்ல மழை. மாதுங்காவில் ஒரு வக்கீலுக்கு மறுநாள் காலையில் கொடுக்கவேண்டிய மெஷின், புத்தம்புது ரோலர் போட்டது. பெட்டி கூடக் கிடையாது, பிளாஸ்டிக் தாளைச் சுற்றித் தனசீலன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். வீட்டுக்குத் திரும்பப் பாந்த்ராவில் ஏறினால் ரயில் டப்பாவில் காலை வைக்க இடமில்லை.

"ஏல சீலா, நீ மெஷினோட உள்ள நில்லு. நனைஞ்சா வக்கீலு நம்மள உரிச்சிருவான். நான் வாசல்ல கம்பியப் பிடிச்சிக்கிடுதேன்" என்றான் சந்தியாகு. ஒரே ஸ்டேஷன்தானே.

கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற கிரீக் பாலத்தின் மேல் போகும்போது ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. கம்பி ஈரம். சந்தியாகின் ஒரு கை வழுக்கிவிட்டது. இன்னொரு கை உள்ளே, நேராகத் தனசீலனை நோக்கி நீண்டது. "சீலா!" என்றான். கையைப் பிடிக்கவேண்டுமானால் மெஷினைப் போடவேண்டும். போட்டிருக்கலாம், இரும்புதானே! ஆனால் அந்த நொடியில் இந்தப் பாவியின் கைகள் மெஷினை இன்னும் இறுக்கிக்கொண்டன. வேணுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது அவன் கைதான். கீழே கறுத்த தண்ணீரில் தலை ஒரு தடவை மேலே வந்ததைப் பார்த்தான். "கிர் கயா, கிர் கயா", விழுந்துவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். மாஹிம் வந்ததும் கத்தினவர்களும் இறங்கி அவரவர் வழியில் போய்விட்டார்கள்.

"ஏல சீலா, அவன் எங்கலே?" என்று கோலி வாசலில் சவரியம்மாள் கேட்டபோது, தனசீலன் இன்னும் மெஷினைக் கீழே வைக்கவில்லை.

"தெரியல சித்தி. பாந்த்ராவிலயே எங்கயோ போணும்னு பிரிஞ்சி போயிட்டான்."

அவ்வளவுதான். பயத்தில் சொன்ன ஒரு வார்த்தை. அடுத்த நாள் அதைக் காப்பாற்ற இன்னொரு வார்த்தை வேண்டியிருந்தது. ரெண்டு நாள் கழித்துத் தனியாகக் கடலோரம் போய்த் தேடினான், ஒன்றும் ஒதுங்கவில்லை. அதற்குள் யாரோ, பையன் துபாய்க்குக் கள்ளத்தனமாகப் போகிற லாஞ்சுப் படகில் ஏறிவிட்டான், இப்போது நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள் என்று ஒரு கதையைக் கிளப்பிவிட்டான். சவரியம்மாள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷம். துபாயிலிருந்து எவன் ஊர் திரும்பினாலும் அவன் வீட்டு வாசலில் போய் நிற்பாள். கோலியில் சந்தியாகின் தகரப்பெட்டியை இன்னொருத்தர் தொடக்கூடாது. தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது தனசீலனுக்குக் கேட்கும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்து உட்காருவான், மறுபடி படுத்துவிடுவான். அப்படியே வருஷங்கள் போயின.

இப்போது அவர்கள் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். செத்துப்போனவர்கள் பேரைச் சீட்டில் எழுதிக் கோயில் ஆபீசில் கொடுப்பார்கள். திருநாளன்று சாயங்காலப் பூசையில் உபதேசியார் ஒவ்வொரு பேராக வாசிப்பார். "மரித்த இன்னார், கொடுத்தது இன்னார்" என்பார். கொடுத்தவர் எழுந்து மெழுகுதிரியோடு பீடத்துக்குப் போய்க் கொளுத்தி வைக்கவேண்டும். அந்த மாசத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பேரையும் இன்னொரு தடவை வாசிப்பார்கள். ஒரு பேர் விட்டுப்போனால் வீட்டுக்காரர்கள் கொதித்துப் போவார்கள், தங்கள் வீட்டு ஆத்துமா மோட்சம் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்திலேயே தங்கிவிட்டதாக நினைப்பு.

ஆறு வருஷமும் பேர் கொடுக்கச் சொன்னவர்களிடம் சவரியம்மாள் சண்டைக்குப் போனாள். "உசிரோட இருக்க பிள்ளைக்கு நான் திரி கொளுத்தவா? வாய் வெந்து போவும்!" என்பாள். ஆனால் ஏழாவது வருஷம் அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. ஒருநாள் தானாகவே தனசீலன் கோலிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"சீலா, எனக்குப் பிறகு அவனுக்குன்னு வேண்டிக்க யாரு இருக்கா? ஒருவேளை போயிருந்தான்னா, என் பிள்ளை வேண்டுதல் இல்லாம கெடப்பானேலே. பேரக் கொடுத்துருதேன். நீயே இங்கிலீசுல எழுது."

தனசீலன் எழுதினான். SANTHIYAGU என்று பெரிய எழுத்தில். உள்ளுக்குள் ஒரு நிம்மதி, அதை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. இவளாகவே பேரைக் கொடுத்துவிட்டாள். இவளாகவே அழுது தீர்த்துவிடுவாள். நாம் வாயைத் திறக்காமலே இந்தக் கதை முடிந்துபோகும், இனி தூங்கலாம். இப்படி நினைத்தான்.

அந்த வருஷம்தான் கோயிலுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. யாரோ கம்பெனிக்காரர் தன் பழசைத் தானம் செய்திருந்தார், கூடவே அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பழைய பிரிண்டர். கோயில் ஆபீசில் டைப் அடிக்கிற ஏஞ்சலம்மாள் அதைப் பார்த்தாலே சிலுவை போட்டுக்கொள்வாள். பிரிண்டரைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ரிப்பன் மாற்றி ஓடவிட்டது தனசீலன்தான். ஒரு தாள் அடித்துப் பார்த்தான், முத்து முத்தாக விழுந்தது. "அக்கா, இனி நீங்க பட்டனத் தட்டினாப் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஒரே ஒரு தாள். அதைத்தான் குறித்துக்கொள்ளவேண்டும்.

திருநாளன்று சவரியம்மாள் வெள்ளைச் சேலை கட்டி, கையில் மெழுகுதிரியோடு பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் வாசித்தார். பேர் வந்தவர்கள் எழுந்து போய்த் திரி கொளுத்தினார்கள். ஒரு தாள் முடிந்தது, ரெண்டாவது, மூன்றாவது... ஏழாவது தாளும் முடிந்து உபதேசியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சந்தியாகு வரவில்லை. தனசீலன் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். சவரியம்மாள் கொளுத்தாத திரியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் கோயில் ஆபீஸ் வாசலில் ஒரே ரகளை. விட்டுப்போனது ஒரு பேர் இல்லை, ஆறு பேர். அஞ்சு வீட்டுக்காரர்கள் வந்து ஏஞ்சலம்மாளைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். "எங்கப்பாவுக்கு ஒங்க மெஷின்ல இடமில்லையோ?" என்று ஒருத்தர் குதித்தார். ஆறாவது வீட்டுக்காரி சவரியம்மாள் மட்டும் சண்டைக்கு வரவில்லை. லட்டு வாங்கிக்கொண்டு நேராகத் தனசீலன் வீட்டுக்கு வந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் ஏழு வருஷமாகப் பார்த்ததில்லை.

"சீலா, வாயத் திறலே. இனிப்புத் தின்னு. என் பிள்ளை உசிரோட இருக்கான்!"

"சித்தி..."

"நான் ஒரு மடச்சி, கொடுக்கக்கூடாத பேரக் கொடுத்தேன். மாதா ஏத்துக்கிடல. செத்தவுக பேரு எல்லாம் வந்திச்சி, எம்பிள்ளை பேரு வரலியே! இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்? நீ துபாய் ஆபீசுக்கு இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுதிக் கொடு. இனிமே விடக்கூடாது."

நாளைக்கு எழுதுகிறேன் என்று சமாளித்து அனுப்பிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கோயில் ஆபீசுக்கு ஓடினான்.

ஏஞ்சலம்மாள் அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "ஒன் மெஷினாலதான தம்பி எனக்கு இந்த ஏச்சு? எல்லாப் பேரையும் நான் அடிச்சேன். மாதா சத்தியம்."

"அடிச்சிருக்கீங்க அக்கா. வாசிச்ச தாளக் காட்டுங்க."

தாள்களை வரிசையாகத் தரையில் விரித்தான். முதல் பக்கம் சுத்தம். ரெண்டாம் பக்கத்துப் பேர்கள் முதல் தாளின் அடியிலேயே ஆரம்பித்துவிட்டன. அடுத்த பக்கம் இன்னும் ஒரு அங்குலம் மேலே ஏறியிருந்தது, அதற்கடுத்தது இன்னும் ஒரு அங்குலம். தாளுக்குத் தாள் நடுவே, கிழிப்பதற்காக ஊசி ஊசியாக ஓட்டை போட்ட கோடு இருக்குமே, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பேர் விழுந்திருந்தது. ஏஞ்சலம்மாள் அவசரத்தில் கிழித்தபோது அந்தப் பேர்கள் ரெண்டாகிவிட்டன, மேல்பாதி ஒரு தாளின் அடியில், கீழ்ப்பாதி அடுத்த தாளின் தலையில். உபதேசியாருக்கு அது அழுக்காகத் தெரிந்திருக்கும், விட்டுவிட்டார். ஆறு கோடு, ஆறு பேர். நாலாவது கோட்டில் சந்தியாகு.

தாளின் ஓரத்தில் அந்த எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. கறுத்த தண்ணீரில் ஒரு தடவை மேலே வந்த தலையைப் பார்த்தவனுக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும்? தாளைக் குப்புறப் போட்டான்.

பிறகு அளவுகோலை எடுத்தான். தாள் பன்னிரண்டு அங்குலம், தாதரில் வாங்கினது, பம்பாய் முழுக்க அதுதான் ஓடும். பிரிண்டர் பதினோரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் தாள் பதினோரு அங்குலம். உள்ளே அரிசி மணி அளவில் வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்விட்சுகள் இருக்கும், அதில் ஒன்று தாளின் நீளத்தைச் சொல்கிறது. அதை மாற்றாமல் விட்டிருக்கிறான். ஒரு தாள் அடித்துப் பார்த்தால் இந்தக் கோளாறு தெரியாது, ரெண்டாவது தாளில்தான் தெரியும். சே! செம்பூரில் ஒரு கம்பெனிக்கு இதே கோளாறை அஞ்சு நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்தவன்!

மூடியைத் திறந்து, பேனா முனையால் ஸ்விட்சைத் தள்ளினான். "அக்கா, மறுபடி அடிங்க." கரகரவென்று தாள் ஏறியது. நாலாவது கோடு வந்தது. அதே இடம், அதே பேர், கோட்டின் மேலேயே.

"என்ன தம்பி, பேயடிச்ச மாதிரி நிக்க?" என்றாள் ஏஞ்சலம்மாள். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். கை மறுபடி இறுகுகிறதே என்று நினைத்தான். பட்டப்பகலில், வாசலில் காய்கறிக்காரன் கத்திக்கொண்டிருக்கையில், காதருகே சீலா என்று கேட்டது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பிரிண்டர் ஸ்விட்சைப் பார்ப்பது, கரண்டை அணைத்துப் போடும்போது மட்டும்தான். நடுவில் மாற்றினால் அதற்குத் தெரியாது. அணைத்தான், பத்து வரை எண்ணினான், போட்டான். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமும் அதனதன் தாளில் ஒழுங்காக உட்கார்ந்தது. அஞ்சாம் தாளில் முழுசாக, தலையும் காலுமாக, சந்தியாகு. கொடுத்தது சவரியம்மாள்.

பழைய தாள், புதுத்தாள் ரெண்டையும் எடுத்துக்கொண்டு சவரியம்மாளிடம் போனான். தகரப்பெட்டியைத் திறந்து மகனின் சட்டைகளை வெயிலில் போட்டிருந்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினான், பதினோரு அங்குலம், பன்னிரண்டு அங்குலம், ஸ்விட்ச், கோடு, எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரிலே. மெஷின் தப்புன்னே வச்சிக்கிடுவோம். அந்தக் கோட்டுல எத்தன பேரு விழுந்திருக்கலாம்? எம்பிள்ளை பேரு எதுக்கு விழுந்திச்சி?"

"ஆறு பேரு விழுந்திருக்கு சித்தி."

"மத்தவுக செத்துப் பொதைச்ச ஆளுவ. எம்பிள்ளைய யாரு பார்த்தா?" புதுத்தாளை வாங்கி அவன் கையிலேயே திணித்தாள். "கடைசி ஞாயித்துக்கிழம மறுபடி வாசிப்பாவல்லா? இந்தப் பேர எடுத்துரு. ஒனக்கு ஒரு பட்டனத் தட்டுனா முடிஞ்சிரும். எனக்காகச் செய்யி மக்கா."

ஒரு பட்டன். உண்மைதான். தட்டிவிட்டால் பேர் போய்விடும். இவள் சாகிறவரை துபாய்க்காரர்கள் வாசலில் நிற்பாள், சட்டைகளை வெயிலில் போடுவாள், இவன் சுவருக்கு இந்தப் பக்கம் இருமலைக் கேட்டுக்கொண்டிருப்பான். எம்பிள்ளைய யாரு பார்த்தா என்று கேட்டுவிட்டாளே! தனசீலன் தாளைக் கீழே வைத்தான். ரெண்டு கையும் காலியாக இருந்தன.

"நான் பார்த்தேன் சித்தி."

அப்புறம் நிறுத்தவில்லை. மழை, பாலம், கம்பி, நீண்ட கை, எல்லாவற்றையும் சொன்னான். கூப்பிட்டதையும் சொன்னான். அவள் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள், செருப்பை எடுப்பாள் என்று எதிர்பார்த்தான். எடுக்கமாட்டாளா என்று ஏங்கினான் என்றே சொல்லலாம். சவரியம்மாள் வெயிலில் கிடந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மெஷினு?" என்று கேட்டாள்.

"என்ன சித்தி?"

"நீ பிடிச்சிருந்தியே, அந்த மெஷினு. என்ன ஆச்சி?"

"மறுநாள் காலையில... வக்கீல் வீட்டுல கொடுத்தேன்."

"நனையலியா?"

"நனையல."

"ம்" என்றாள். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். மடித்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, சுவர் மாடத்திலிருந்து அந்தக் கொளுத்தாத மெழுகுதிரியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "நான் இந்தப் பேரக் கொடுக்கமாட்டேன். நான் பார்க்கல. பார்த்தவன் நீ, நீ கொடு." அதற்கு மேல் அன்றைக்கு அவள் பேசவில்லை. அதற்கப்புறம் அந்த மாசக் கடைசி ஞாயிறு வரைக்கும் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுத சத்தம் மட்டும் கேட்டது.

தனசீலன் கோயில் ஆபீசுக்குப் போய், ஏஞ்சலம்மாளை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து ஒரு பேரை மாற்றி அடித்தான். அவள் எட்டிப் பார்த்து, "இது என்ன தம்பி, நீ யாரு அவனுக்கு?" என்றாள். தனசீலன் ஏழு தாளையும் எடுத்து, ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிழித்தான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. சவரியம்மாள் அதே முன்வரிசையில், வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அஞ்சாம் தாளை உபதேசியார் எடுத்தார்.

"மரித்த சந்தியாகு" என்று வாசித்தார். கோயிலில் ஒரு சலசலப்பு, எல்லாரும் சவரியம்மாளைப் பார்த்தார்கள். உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்து தாளை இன்னொரு தடவை பார்த்தார். "கொடுத்தது, தனசீலன்."

தூணோரம் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். அத்தனை தலையும் திரும்பியது. ஏழு வருஷத்துப் பொய்யை அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. தாய் உட்கார்ந்திருக்க இவன் ஏன் எழுந்து போகிறான் என்று ஒவ்வொருத்தராகக் கணக்குப் போட்டார்கள், ஒவ்வொரு முகமாக மாறியது. தூணிலிருந்து பீடத்துக்கு இருபது அடி இருக்கும், அதை அவன் எப்படி நடந்தான் என்று அவனுக்குத் தெரியாது. திரியைக் கொளுத்தினான். கை வெடவெடவென்று நடுங்கியது, மெழுகு சொட்டி மணிக்கட்டைச் சுட்டது, திரி சரிந்து விழப் பார்த்தது.

பின்னாலிருந்து சவரியம்மாளின் குரல் கேட்டது. கோயில் முழுக்கக் கேட்டது.

"ஏல சீலா, ரெண்டு கையாலயும் பிடிலே!"

அவன் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.